படகுக்கு அடியில் மாமியாரும் மருமகளும்

– இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணி விடுங்க அத்தை. மெதுவாத் தட்டுங்க. பேரிங் கோணலா உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்.

– எனக்கே பாடம் எடுக்கறியா? காலம் பூரா தையல் மெஷினைக் கழட்டி மாட்டினவ நான். தள்ளிப் படு.

– அந்த மெஷின் புத்திதான் இப்ப நம்மளப் படகுக்கு அடியில மல்லாக்கப் போட்டிருக்கு.

– நல்லா இருக்கே! நான் என்ன பண்ணினேன்?

– சுத்தற சாமான் எதுவா இருந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுடான்னு உங்க புள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

– நான்தான். அதுல என்ன தப்பு கண்டுட்ட?

– இந்த பேரிங்குக்குள்ள ரப்பர் இருக்கு. படகு ஓடும்போது கடல் தண்ணியே உள்ள புகுந்து வழவழன்னு வெச்சுக்கும். எண்ணெய், கிரீஸ் எல்லாம் ஆகவே ஆகாது. இவரு போன மாசம், நானே புதுசு மாட்டறேன்னு உக்காந்து, ஆசை ஆசையா ஒரு டப்பா கிரீஸை அப்பி வெச்சிருக்காரு. ரப்பர் ஊறி வீங்கி, நடுவுல சுத்தற ஷாஃப்டுத் தண்டைக் கவ்விக்கிச்சு.

– அதான் விசிறி நகர மாட்டேன்னு அடம் புடிச்சுதா?

– விசிறி இல்ல அத்தை, ப்ரொப்பெல்லர்.

– என்னவோ ஒண்ணு. பழசை அறுத்து எடுக்கறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுச்சு. அவன்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?

– சொல்லணும்னுதான் நேத்து வாயைத் திறந்தேன். வேலை போன நாள்லேர்ந்து மனுஷன் சிரிச்சே நான் பாக்கலை. அன்னிக்கு இதை மாட்டிட்டு வந்தாரு பாருங்க, முழங்கை வரைக்கும் கிரீஸ். "நானே பண்ணினேன், ஒருத்தரையும் கூப்பிடலை"ன்னு அப்படியே என்னைக் கட்டிப் புடிச்சாரு. என் வெள்ளைச் சட்டை போச்சு. போனா போகட்டும். அந்தச் சிரிப்பைப் புடுங்க எனக்கு மனசு வரலை.

– அப்ப சொல்லாமலே விட்டுட வேண்டியதுதானே?

– சொல்லாம விட்டா, நாளைக்குப் படகு தண்ணியில இறங்குது. காத்து நின்னு, பாயை இறக்கிட்டு இன்ஜின்ல துறைமுகத்துக்குள்ள வரும்போது இது இறுகிப் போச்சுன்னா? நேரா பாறையில போய்...

– வாயைக் கழுவு! அதான் நாம பாத்துட்டோம்ல. ஏய், அழறியா?

– இல்லையே. பெயின்ட் தூசி.

– எனக்கும் அதே தூசிதான். நீ அவனுக்கு வாய்ச்சவ இல்லடி, எனக்கு வாய்ச்சவ. சரி, பேரிங் உக்காந்துடுச்சு. அடுத்து?

– ஷாஃப்டை உள்ள விடலாம். தூக்கிப் புடிங்க. இன்னும் கொஞ்சம்... போதும் போதும். சுத்திப் பாருங்க.

– அட, என்னமா சுத்துது! விசிறியை மாட்டு. நட்டை நான் முறுக்கறேன்.

– பாத்து, கை.

– சே! ஸ்பானரைத் திருப்பினா ஷாஃப்டும் கூடவே வருது.

– உள்ள இன்ஜினோட இன்னும் சேக்கலையே, அதான். ஒரு ஆள் உள்ள போய்ப் புடிக்கணும். நான் ஏறிப் போறேன், அவரு பெயின்ட் வாங்கிட்டு வர்றதுக்குள்ள முடிச்சாகணும்.

– இரு, இரு. நின்னுடுச்சு! ஆடாம நிக்குது பாரு. நட்டு இறுகுது.

– அது எப்படி அத்தை? சுத்தத்தானே செய்யணும்?

– எல்லாம் என் கை ராசி. பெரிய மனுஷி கை பட்டா சும்மாவா?

– கை ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. உள்ள படுத்து ரெஞ்சைப் போட்டுப் புடிச்சிருக்கறது நான்தான். சீக்கிரம் இறுக்குங்க, தோள் வலிக்குது.

– ஐயோ! நீங்க எப்ப வந்தீங்க? பெயின்ட் வாங்கப் போகலை?

– பெயின்ட் யாருக்கு வேணும்? கிரீஸ் வெச்சது தப்புன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு, உனக்குத் தெரியாம இதே பேரிங் ஒண்ணு வாங்கிட்டு வரத்தான் போனேன். நானே பண்ணினேன்னு சொன்னப்ப உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சே, அதை எப்படிடி கெடுக்கறது?