கப்பல் நாணயத்தில் ஒரு கட்டைவிரல்

சுத்தியல் மட்டும் வேண்டாம், ஐயா. உங்கள் காவலர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் உறையை ஓங்கி அடித்தால் விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் ஓடினால் சில்லு நாணயத்தின் முகத்தைக் கீறிவிடும். நீங்கள் பார்க்க விரும்பும் விரல் ரேகையும் அதோடு போய்விடும்.

ஒரு வெட்டுக்குறடு போதும். உறையைக் கெட்டித் துணியில் சுற்றி, ஒரு மூலையை மட்டும் குறட்டின் வாயில் கொடுத்து அழுத்த வேண்டும். மெதுவாக என்றால் மெதுவாகத்தான். டக்கென்று ஒரு சத்தம் வரும். பிறகு அடுத்த மூலை. நாலு மூலையும் விட்டுக்கொடுத்தால், இரண்டு தகடும் ஒட்டியிருக்கும் விளிம்பில் பிளவு தெரியும். தட்டையான திருப்புளியை அதில் செருகி லேசாகத் திருப்பினால் உறை வாய் திறந்துவிடும். நாணயத்தை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. இந்த ஒன்றைத் தவிர வேறு எந்த நாணயத்தின் முகத்திலும் என் விரல் பட்டதில்லை.

இப்படி ஒரு பிழைப்பு இருக்கிறதா என்று நேற்று கேட்டீர்கள். இருக்கிறது. தரம் பார்க்கும் நிறுவனங்கள் பழைய நாணயத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டி அனுப்பும். மதிப்பெண் குறைவு என்று நினைப்பவர்களுக்குத் தூக்கம் வராது. பிள்ளையின் பரீட்சைத் தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்பும் பெற்றோர் மாதிரி, நாணயத்தை வெளியே எடுத்து மறுபடி அனுப்பச் சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பது நான். வாடிக்கையாளரிடம் பேசுவது, ரசீது எழுதுவது, சிரிப்பது எல்லாம் அக்கா.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு இருவரும்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஜன்னல் இல்லாத பெட்டக அறை. ஈரம் ஏறினால் நாணயம் கறுத்துவிடும் என்பதால் அந்த அறைக்கு இரும்புக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து மூன்று வருடம் இருக்கும். ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அதுவரைக்கும், உள்ளே போகிறவர் ஒரு மரக்கட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவுக்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், நாணயம் பார்க்க வர ஆரம்பித்தார். நாணயத்தைப் பார்த்தாரோ என்னவோ. வாரத்துக்கு ஒரு தடவை வந்தவர் மூன்று தடவை வந்தார். அக்கா புதுச் சட்டத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டாள். ஐம்பத்துநாலு வயதில் முகத்தில் அப்படி ஒரு களை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "வர்ற வியாழக்கிழமை அவரோட ஊருக்குப் போறேன். அங்கயே பதிவுத் திருமணம். கடையை நீயே வச்சுக்க."

"நான் எப்படிக்கா தனியா?"

"நாப்பத்தாறு வயசாகுது உனக்கு. உன்னை விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் இத்தனை வருஷம் இதுக்குள்ளயே கெடந்தேன். போதும்டி."

கெடந்தேன் என்றாள். நான் அவளைப் பிடித்து வைத்திருந்தேனாம். அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வியாழக்கிழமை வரை நாங்கள் அதிகம் பேசவில்லை.

அன்று இரண்டு மணிக்கு நான் நடக்கப் போய்விட்டேன், ஐந்து மணிக்கு வந்து பார்த்தேன் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரர் அப்போதே உங்களிடம், "அவங்களா? அவங்க வாசலைத் தாண்டி நான் பார்த்ததே இல்லையே" என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டீர்கள். அவர் சொன்னதுதான் சரி.

இரண்டு பத்துக்கு ஒரு நாணயச் சேகரிப்பாளர் கப்பல் பொறித்த இந்த நாணயத்தைக் கொண்டுவந்தார். உறையிலிருந்து எடுத்து அன்றே தரம் பார்க்க அனுப்ப வேண்டும் என்றார். நான் பின்னால் இருந்தேன். அக்காதான் நேரம் போட்டு ரசீது கொடுத்தாள். ஊருக்குக் கிளம்பும் நாளிலும் வேலையை வாங்கிக்கொண்டாள், அவள் சுபாவம் அது. கடையைச் சாத்திவிட்டு உறையை என் மேஜையில் வைத்தாள். அவளுடைய கைப்பை பக்கத்து நாற்காலியில் இருந்தது. நாலு மணிப் பேருந்துக்கான சீட்டும், போனும், மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்தும் அதற்குள் இருந்தன. சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்து கையெட்டும் தூரத்தில் இல்லாமல் அவள் எங்கும் போகமாட்டாள்.

"அக்கா, அசிட்டோன் சீசாவை எடுத்துத் தாயேன்" என்றேன். நாணயத்தில் ஒட்டியதைக் கழுவ அது வேண்டும். பெட்டக அறைக் கடைசித் தட்டில் இருக்கும். வழக்கமாக நானேதான் எடுத்துக்கொள்வேன்.

"இதுவும் நான்தான் எடுத்துத் தரணுமா? நாளைக்கு என்ன பண்ணுவே?" என்று சிரித்துக்கொண்டே போனாள். நான்கு நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கட்டை தானாக நழுவியது என்று நாம் எல்லோரும் முடிவு செய்திருந்தோம், இல்லையா? அதைக் காலால் நகர்த்தியவள் நான்.

வேறு உத்தேசம் எதுவும் இல்லை. நாலு மணிப் பேருந்து போகும்வரை உள்ளே இருக்கட்டும் என்றுதான். சில சமயம் ஒரு பேருந்தைத் தவறவிட்டாலே மனிதருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நான் உறையைத் துணியில் சுற்றி வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் சாதாரணமாகத்தான் தட்டினாள். "கதவு சாத்திக்கிச்சுடி, திற." நான் முதல் மூலையை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நடுவில் விடக்கூடாது. இரண்டாவது மூலைக்குப் போனபோது, "விளையாடாதே, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். உறை திறந்து நாணயத்தை நான் விளிம்பில் பிடித்திருந்தபோது, "பை... பையில மருந்து..." என்று சொல்லிவிட்டுக் கதவில் ஓங்கி அடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டைவிரல் கப்பலின் மேல் பதிந்துவிட்டது.

செம்பு நாணயம், ஐயா. அந்த நிமிடமே அசிட்டோனில் கழுவினால் ரேகை போய்விடும். துணியால் துடைத்தால் இழை கீறும். விட்டுவிட்டால் அன்று கண்ணுக்குத் தெரியாது, மாதங்கள் கழித்துப் பழுப்பாகப் பூத்து வரும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். சீசா இருந்தது கதவுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தால் சீசா கிடைக்கும், அக்காவும் வெளியே வந்துவிடுவாள். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு நாணயத்தை அப்படியே காகித உறையில் போட்டு, கூரியர்காரர் எடுத்துப் போகும் வாசல் பெட்டியில் வைத்தேன். மூன்றே முக்காலுக்கு அவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். பொருள் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

அதன் பிறகு எட்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாணயம் புது உறைக்குள் ஒட்டி மூடப்பட்டு சேகரிப்பாளரிடம் திரும்பிவிட்டது. என் விரல் அதற்குள் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று மூன்று கடிதம் போட்டேன். நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, இனி யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று பதில் போட்டார். ஆறாவது மாதம் அவர் வீட்டுக்கே போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாய்மரத்தின் ஓரத்தில் நிழல் மாதிரி ஒரு வளைவு தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் இருக்கிறது, நான் திறக்கத் தெரிந்தவள், ஆனால் திறக்க வழியில்லை. அந்தத் தவிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

போன மாதம் அவர் உங்களிடம் வந்து, "யாரோட கட்டைவிரல் இது?" என்று சத்தம் போட்டாராம். நீங்கள் ரசீதைப் பார்த்தீர்கள், கூரியர் சீட்டைப் பார்த்தீர்கள். இரண்டு பத்துக்கு வந்து மூன்றே முக்காலுக்குப் போன நாணயத்தில், அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லாதவளின் விரல் எப்படி வந்தது? கெட்டிக்காரர் நீங்கள். குறட்டைக் கொடுங்கள், ரேகை கலையாமல் நானே எடுத்துத் தருகிறேன். இனி மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி வாக்கில் தட்டுவது நின்றது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மூன்று ஐம்பதுக்குப் பைக்குள் போன் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர்தான், பேருந்து நிலையத்திலிருந்து. பிறர் போனை எடுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. நாலு மணி அடிக்கும்வரை காத்திருந்து, இன்னும் ஐந்து நிமிடம் தள்ளி எழுந்தேன். சில நாள் பேருந்து தாமதமாகக் கிளம்பும்.

கதவைத் திறந்தேன். அக்கா கதவோரம் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சீசா மடியில் இருந்தது. அதை எடுத்து அதன் தட்டில் வைத்தேன். கதவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தேன். மருந்தை அவளுடைய சில்லிட்ட கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன், பிறகு அதையும் எடுத்துப் பைக்குள்ளேயே வைத்தேன். அவளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

"போகணும்னா இப்பப் போக்கா. நான் தடுக்கல" என்றேன்.

அவள்தான் போகவில்லை.