சாய்த்துப் பிடித்த அட்டை

— அட்டையை விசிறி மாதிரி ஆட்டாதீங்க, தோன்யா மிர்னா. கொஞ்சம் கேளுங்க. பச்சைப் பக்கம் காட்டினா ஆமா. சிவப்புப் பக்கம் காட்டினா இல்ல. போன வாரம் மாதிரி விளிம்பு மட்டும் தெரியறாப்ல சாய்ச்சுப் பிடிச்சீங்கன்னா பிள்ளைங்க ஊளையிடுவாங்க.

— யெசேனியா மகளே, எட்டு வருஷமா நகர கவுன்சில்ல உக்காந்திருக்கேன். இப்போ மேயருக்கே நிக்கிறேன். அட்டை பிடிக்க எனக்குச் சொல்லித் தர்றியா? இந்தா, இந்த பாஸ்டெலிட்டோவ ஒரு கடி கடி. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல உனக்கு.

— பசிக்கல.

— பிராங்க்ஸ்ல பொறந்த பொண்ணுக்குச் சுடச்சுட கறி வெச்ச பாஸ்டெலிட்டோவப் பாத்தும் பசிக்கலன்னா, உள்ள ஏதோ குடையுதுன்னு அர்த்தம். என்ன விஷயம், சொல்லு.

— முதல் கேள்வியே காலேஜைப் பத்தித்தான். போன வருஷம் நகரம் இந்தக் காலேஜுக்குக் குறைச்ச பணத்தை உங்க முதல் பட்ஜெட்லயே திருப்பித் தருவீங்களா, சாயங்கால வகுப்புக்காரங்களோட குழந்தைக் காப்பகத்தையும் பஸ் அட்டையையும் நிறுத்தாம வெச்சிருப்பீங்களா. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. விளக்கம் சொல்ல விடமாட்டாங்க.

— அதான் மாணவர் சங்கத்துக் கேள்வித்தாள்ல ஆமான்னு எழுதிக் குடுத்தாச்சே. அதைப் பாத்துட்டுத்தான் பேராசிரியர் சங்கம் நாளைக்கு எனக்கு ஆதரவுன்னு அறிவிக்கப் போகுது.

— அதை நான்தான் எழுதினேன். நூத்திப் பன்னெண்டு சங்கத்துக் கேள்வித்தாளும் நான்தான் நிரப்பினேன்.

— அதனாலதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், யெசேனியா என் வலது கைன்னு.

— கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுங்க ரெண்டு பேரும். மேடைக்குப் பின்னாடி சுவரு அட்டையில செஞ்சது.

— வாங்க லெஸ்டர். பிரச்சாரத்தையே தோள்ல சுமக்கறவரு, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்களே.

— பேயறைஞ்சா மந்திரிச்சுக்கலாங்க. இது அப்படித் தீராது. இந்தப் படத்தைப் பாருங்க. அரைமணி நேரமா கூட்டத்துல போனுக்குப் போன் தாவுது. கட்டட முதலாளிங்க சங்கத்துக்கு நாம ரகசியமா அனுப்பின பதில்.

— என் கண்ணாடி எங்க... யெசேனியா, நீயே படி.

— "சமுதாயக் கல்லூரிகளின் செலவைக் கட்டுக்குள் வைப்பேன். மாலைக் காப்பகமும் பஸ் அட்டையும் அவசியமானவை அல்ல. இரண்டு வருடம் நிறுத்தி வைக்கலாம்." கீழ உங்க கையெழுத்து.

— கடவுளே. இதை எழுதினது யாரு?

— தட்டினது நான். சொன்னது நீங்க. ஏப்ரல்ல, கார்ல, பாலம் தாண்டறப்போ. அந்தச் சங்கத் தலைவரைப் போன்ல வெச்சுக்கிட்டே ஒவ்வொரு வரியாச் சொன்னீங்க. நான் முன்சீட்ல கம்ப்யூட்டரை மடியில வெச்சுக்கிட்டு தட்டினேன். தட்டறப்பவே எனக்குக் கூசிச்சு. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம விட்டேன் பாருங்க, அது என் தப்பு.

— ஓட்டுக்கு நிக்கறவ நாலு வாசல்ல நாலு விதமாத்தான் பேசுவா. அவங்க கை குடுக்கலன்னா டிவியில என் மூஞ்சியே வராது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.

— தெரிஞ்சது வேற, தாள்ல வர்றது வேற. தாள்ல வந்தா கதை முடிஞ்சுது. இது எப்படி வெளியில போச்சுன்னுதான் எனக்குப் பிடிபடல. படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். பின்பக்கம் ஊதா மையில ஏதோ எழுதி, அது இந்தப் பக்கம் ஊறித் தெரியுது. தோள்பட்டை எலும்பு, காரை எலும்பு, விலா ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடறவன் கைக்கு நம்ம தாள் எப்படிப் போச்சு?

— காட்டுங்க.

— என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு? இந்தக் கையெழுத்து தெரியுமா உனக்கு?

— தாள் எங்க வீட்டுப் பிரிண்டர்ல வந்தது, லெஸ்டர். ஒரு பக்கம் வீணான தாளைக் கிழிச்சுப் போடாம சமையலறை அலமாரியில அடுக்கி வெச்சிருப்பேன். அங்கேர்ந்துதான் போயிருக்கணும். தப்பு என்னோடதுதான்.

— கேட்டீங்களா லெஸ்டர்? அவளே சொல்லிட்டா. கோவிச்சுக்காத மகளே, வழி தானா வந்து வாசல்ல நிக்குது. மேடையில நான் சொல்றேன், நூத்திப் பன்னெண்டு தாள் நிரப்பறப்போ என் ஆளு ஒருத்தி எதையோ எடுத்து எங்கயோ ஒட்டிட்டா, நான் அதைக் கண்ணாலயே பாக்கல, இன்னைக்கே அவளை வேலைய விட்டு அனுப்பிட்டேன்னு. நீ பின்வாசல் வழியா நாலாம் நம்பர் ரயில் பிடிச்சு வீட்டுக்குப் போ. நவம்பர்ல ஜெயிச்சுட்டா ஜனவரியில மேயர் ஆபீஸ்ல உனக்கு ஜன்னலோரம் மேஜை.

— பேர் சொல்லுவீங்களா?

— பேர் சொல்லலன்னா நம்ப மாட்டாங்க. லெஸ்டர் என்ன சொல்றீங்க?

— பேரோட சொன்னாத்தான் பத்திரிகைக்காரன் அடங்குவான். பொண்ணு பாவம்தான். ஆனா நாலு நாள்ல மறந்துருவானுங்க.

— சரி. சொல்லுங்க. ஆனா ஒரு நிபந்தனை. கேள்வி வந்ததும் பச்சையைத் தூக்கணும், நிமிர்த்தி, பின்வரிசைக்குத் தெரியற மாதிரி. என் பேரு நாறினா நாறட்டும். காப்பகம் இருக்கணும்.

— பச்சையத் தூக்கினா கட்டட முதலாளிங்க ராத்திரிக்குள்ள எதிராளி வீட்டு வாசல்ல நிப்பாங்க. டிவி விளம்பரம் நின்னுச்சுன்னா கதை முடிஞ்சுது.

— நான் லெஸ்டரைக் கேக்கல. தோன்யா மிர்னா, நீங்க இங்க படிச்சவங்க. உங்க மகன் ஆபெல் இந்தக் காப்பகத்துலதான் வளந்தான்னு துண்டறிக்கையில எழுதினதும் நான்தான். அதாச்சும் நெசமா?

— நெசம்தான். மெழுகுப் பென்சிலத் தின்னுட்டு அந்தக் காப்பகத்துத் தரையெல்லாம் வாந்தி எடுத்தான். நான் கணக்குப் பரிட்சையில இருந்தேன். எழுதி முடிச்சு வந்து பாத்தா, அங்க இருந்த அம்மா ஒருத்தி அவனுக்குச் சட்டை மாத்தி, தலை வாரி விட்டிருந்தா. அன்னைக்கு அவ இல்லன்னா நான் பரிட்சைய விட்டுட்டு ஓடியிருப்பேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா தோத்துப் போனவ காப்பகமும் கட்ட முடியாது, கக்கூஸும் கட்ட முடியாது. அட்டைய நான் சாய்ச்சுத்தான் பிடிக்கணும். ஊளையிட்டா இடட்டும்.

— இன்னும் ஒரே ஒரு பருவம் பாக்கி வெச்சுக்கிட்டு, பிள்ளைய எங்க விடறதுன்னு தெரியாம படிப்ப நிறுத்தப் போறவங்க வெளியில உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி சாய்ப்பீங்களா?

— ஜெயிச்சுட்டு நிமிர்த்தறேன். என் ஆபெல் மேல சத்தியம்.

— சரி.

— கோவத்துல சரிங்கறியா, மனசாரச் சரிங்கறியா?

— என் பேரைச் சொல்லிக்கோங்க. அதுக்குத்தான் சரின்னேன்.

— அதுதான் என் தங்கம். லெஸ்டர், கூட்டத்தோட மனசு இளகற மாதிரி முதல்ல அந்த மழைக் கதையச் சொல்லிடறேன். பஸ் நிறுத்தத்துல ஒரு அம்மா, தூங்கற பையனைத் தோள்ல போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நின்னாங்களே. வண்டிய நிறுத்தி, ஏத்திக்கிட்டு வந்து, இதே காலேஜ் வாசல்ல இறக்கி விட்டேனே.

— நல்ல கதைங்க. நான் எடுத்த போட்டோவ ஆறாயிரம் பேர் பாத்தாங்க. நம்ம ஆளுங்களோட சொந்தபந்தத்த பிரச்சார வண்டியில ஏத்தினா வேலை போயிடும்னு சட்டம் போட்டவன் நான். ஆனா மழையில நனையற ஓட்டுக்காரியத் தாராளமா ஏத்தலாம்.

— அந்தக் கதை வேண்டாம், தோன்யா மிர்னா.

— ஏன் வேண்டாம்? இதுலயாவது பொய் ஒண்ணும் இல்லையே. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல அந்தம்மா. இறங்கறப்போ மட்டும் என் கையப் பிடிச்சு, உங்களை மறக்க மாட்டேன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

— தயவுசெஞ்சு வேண்டாம்.

— மூணு நிமிஷம்தான் இருக்குங்க, கிளம்பணும். கேள்வி கேக்கறவங்க பட்டியல் இப்பத்தான் குடுத்தாங்க. முதல் கேள்வி... அல்தாக்ராசியா பெரால்தா. செவிலியர் படிப்பு, சாயங்கால வகுப்பு. அந்தத் தாளைக் கொண்டு வந்து சங்கத்துல குடுத்ததும் இவங்கதானாம், கையில வெச்சுக்கிட்டே கேக்கப் போறாங்களாம். எலும்பு எழுதின ஆள் கிடைச்சாச்சு. பெரால்தா... யெசேனியா, உன் குடும்பப் பேரும் பெரால்தாதான?

— எங்கம்மா.

— உங்கம்மாவா? இந்த வயசுல படிக்கிறாங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல? சரி, நல்லதாப் போச்சு. ஓடிப்போய் அம்மா காதுல போடு. தட்டினவ தப்புன்னு நான் சொல்லுவேன், அவங்க ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும். மகளுக்கு ஜனவரியில மேஜை கிடைக்கும்னா எந்தத் தாய் ஆட்ட மாட்டா?

— எனக்காக எதையும் பண்ணுவாங்க, தோன்யா மிர்னா. ஆனா லெஸ்டரோட சட்டத்துக்குப் பயந்து அன்னைக்கு நான் வாயத் திறக்கல, அவங்களும் என்னைத் தெரியாத மாதிரியே இருந்தாங்க. அந்த மழையில நீங்க ஏத்தினது எங்கம்மாவைத்தான். பாலம் தாண்டறப்போ நீங்க வரி வரியாச் சொன்னதையெல்லாம், என் தம்பிய மடியில போட்டுக்கிட்டு, பின்சீட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டேதான் வந்தாங்க.