நிப்பாட்டுற ஸ்பிரிங்

எட்டயபுரம் தாண்டியதும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார்: "ஆயிரம் தடவையில ஒரு தடவை தவறலாம்னு நாமதான எழுதினோம். அந்த ஒண்ணு குளத்தூர்ல வந்துட்டு."

அவர் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் செய்யும் பட்டறையில் ஃபிட்டர். பக்கத்தில் இருந்த பெண் அந்த மிஷினை வடிவமைத்தவர். அதில் கை போன ஒருத்தியை வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சில் புரிந்தது.

"நிப்பாட்டுற லிவர இழுத்துருக்கா அண்ணாச்சி. ஸ்பிரிங் ஒடிஞ்சதுல மிஷின் நிக்கல."

"பெல்ட்டுக்கு வச்ச கணக்கையே அந்த ஸ்பிரிங்குக்கும் வச்சிட்டோம். பெல்ட்டு அறுந்தா வேலைதான் நிக்கும், இது ஒடிஞ்சா கையே போகும்லா."

"புது மிஷினுக்கு என்னன்னு எழுத?"

"ஒரு தடவைகூட தவறக்கூடாதுன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு ஸ்பிரிங் கிடையாது அண்ணாச்சி."

"அப்ப ரெண்டு போடுங்க. ஒண்ணு ஒடிஞ்சா இன்னொண்ணு இழுத்துப் பிடிக்கும்லா."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"மிஷினுக்கு முதல்ல வரைஞ்ச படத்துல ரெண்டுதான் போட்டிருந்தேன். இடம் பத்தலைன்னு ஒண்ண நாந்தான் அழிச்சேன்."