நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு ஒற்றை நட்சத்திரம்

புத்தகம் அருமையான புத்தகம், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் செய்தான் என்று எழுதிக்கொள்வீர்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள். படக்கதை வீரன் சூறாவளியானின் முகமூடி எதனால் ஆனது, எந்த வில்லனிடம் எந்தப் பல் போனது என்று ஒன்று விடாமல் தம்பி படம் போட்டு விளக்கியிருந்தான். புத்தகக் கடையின் இணையப் பக்கத்தில் முதல் ஐந்து நட்சத்திரம் நான் போட்டதுதான்.

பிறகு ஊரே போட்டது. அதுதான் வினை. வாரம் தவறாமல் சாப்பிட வந்துகொண்டிருந்தவன், "இந்த வாரம் முடியாதுண்ணே, கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்காங்க" என்றான். நான்கு வாரம் அதே பாட்டு. அப்பா, அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். சமைத்ததையெல்லாம் நானே தின்று தீர்த்ததில் இரண்டு கிலோ ஏறிவிட்டது.

ஐந்தாம் வாரம், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருத்தியாக மாறினேன். வீரனின் மேலங்கியில் தையல் தப்பு என்று எழுதி, இரண்டே நட்சத்திரம் கொடுத்தேன். அன்றைக்கே தம்பி வந்து நின்றான்.

"தையல் தெரிஞ்சவங்க சொல்றாங்கண்ணே. தப்பு என்மேலதான்."

"விடுடா, சாப்பிடு" என்றேன். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அவனுக்கு ஒரு பழக்கம். பாராட்டை இரண்டாம் முறை படிக்க மாட்டான். குறையை மட்டும் அட்டையில் எழுதி, வரைபலகைக்கு மேலே குத்திவைத்து, சரியாகும்வரை திரும்பத் திரும்ப வரைவான். மூன்று மாதத்தில் அந்தச் சுவரில் பதினொரு அட்டை. பதினொன்றும் நான்தான். ஆளுக்கொரு நடை, ஆளுக்கொரு கோபம். எனக்கு இவ்வளவு எழுத வரும் என்று எனக்கே தெரியாது.

அப்புறம்தான் வெளிநாட்டு வேலை வந்தது. இரண்டு வருஷம் என்றான், முகமெல்லாம் பல்லாக. நான் ஒரு தாயானேன்.

"நாற்பத்திரண்டாம் பக்கத்தில், பறப்பதற்கு முன் கையை எப்படி வைக்க வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று எண் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் மாடியில் நின்று அப்படியே செய்தான். ஒன்றிலும் இரண்டிலும் பென்சிலால் டிக் போட்டிருக்கிறான்."

அந்த டிக் எனக்கே பிடித்திருந்தது.

இதை எப்படி வரைந்து சரிசெய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளிநாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்தத் தாயைத் தேடி மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினான். காலில் விழ வேண்டும் என்றான். பன்னிரண்டு நாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் என் வீட்டில்தான் படுத்தான், ஐயா.

பதின்மூன்றாம் நாள் காலையில் அச்சகத்துக்குப் போய், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வலது கையை வைத்துவிட்டான். வரைந்த கை அதுதான் என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னானாம்.

எல்லாம் நான் எழுதியதுதான். அந்தத் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவனிடமும் நீங்கள் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறானாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்புறம் சரியாகிவிடும். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வான்? என்னை விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?