முகட்டு வழியா, பள்ளத்தாக்கு வழியா?

“...முகட்டு வழின்னா கயித்துல ரெண்டு பேர் கட்டிக்கணும் லா. பள்ளத்தாக்குன்னா ஒத்த ஆளே ஏறிடலாம்,” என்றார் முன்னிருக்கைக்காரர். ஐம்பது வயதிருக்கும். தேக்காவில் பேருந்து ஏறியவர். மடியில் அரிசி மூட்டை திணித்த முதுகுப்பை. நம் சிங்கப்பூரில் மலை ஏது? பையைச் சுமந்து அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படி ஏறித்தான் நேப்பாளத்துக்குப் பழகுகிறாராம்.

“குளிர்காலத்துல முகடு எதுக்குண்ணே? பள்ளத்தாக்குலயே போங்க,” என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

“போன தடவ முகடுதான்னு குதிச்சவன் நீதானடா?”

“அப்ப கல்யாணம் ஆகல. இப்ப கைக்குழந்தைய விட்டுட்டு வந்தா, அவ என்னைய வீட்டுலயே கட்டிப் போட்டுடுவா!”

இருவரும் சிரித்தார்கள். பெரியவர் முதலில் நிறுத்தினார்.

“சரி, கூடாரத்துல யார்கிட்டடா பேசுறது?”

“ஏன், நீங்க தூங்கவே மாட்டீங்களா? போட்டோ அனுப்புங்கண்ணே.”

இளையவர் தோ பாயோவில் இறங்கினார். பெரியவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து கையசைத்தார். இளையவரோ கைபேசியைப் பார்த்தபடியே நடந்து போய்விட்டார்.

பெரியவர் கையை இறக்கினார். தன் கைபேசியை எடுத்து, மலை வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் தட்டினார்: பள்ளத்தாக்கு வழி, ஒருவர் மட்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு அனுப்பினார்.