சனிக்கிழமை எண்ணெய்

டீ நன்றாக இருந்தது, சாப். தமிழ் தெரிந்த போலீஸ்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்ததும் நல்லதாகப் போயிற்று. பதினாலு வருஷம் தாராவியில் இருந்தும் என் இந்தி குழாயடிச் சண்டைக்குத்தான் உதவும்.

என் பெயர் பேராச்சி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். இசக்கிமுத்து ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயது, தங்கமானவன். போன வருஷம், எண்பத்தாறில், தொண்ணூறடி ரோட்டில் வீடியோ கேம் கடை போட்டார்கள். அன்றோடு பிள்ளை கைவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம். சோறு தின்னும்போதும் இடது கை விரல்கள் தரையில் பொத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். அடித்தேன், சூடு வைத்தேன். எல்லாத் தாயும் செய்வதுதான்.

அதுகூடப் பெரிதில்லை. என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். "ஏல, அம்மயப் பாத்துப் பேசுல" என்றால், "பாத்துக்கிட்டுதானம்மா இருக்கேன்" என்பான். கண் கடைப் பக்கமே இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

சின்னதில் அவன் பால்குடி மறக்காமல் படுத்தியபோது, மார்பில் வேப்பெண்ணெய் தடவித்தான் மறக்கடித்தேன். இரண்டு நாள் அழுதான், பிறகு சரியாகிவிட்டான். இதையும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமைதோறும் அவனுக்கு எண்ணெய் தேய்ப்பேன். எங்கள் வழக்கப்படி கண்ணிலும் இரண்டு சொட்டு விடுவோம், சூடு தணியும். அன்று காலை மாருதி கோயில் வாசலில் எருக்கிலை மாலை ஒன்று வாங்கினேன். சாமிக்குப் போடவில்லை. காம்பைக் கிள்ளிப் பால் எடுத்தேன். ஊரில் ஆடு மேய்த்தவள் நான். எருக்கம்பால் பட்டால் கண் அவிந்துபோகும் என்று தெரியும். டாக்டரிடம் தெரியாது என்று சொன்னது பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மடியில் தலைவைத்துத் தானே கண்ணைத் திறந்து காட்டினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தான். சந்தோஷமாக இருந்தது.

"எம்மா, எண்ணெ எரியுது."

"கொஞ்ச நேரந்தாம்ல" என்று மற்றக் கண்ணிலும் விட்டேன்.

இப்போது அவன் கடைக்குப் போவதில்லை. என் குரல் கேட்டால் முகத்தைத் திருப்புகிறான். பக்கத்து வீட்டு முருகம்மாளிடம், "அம்மய உள்ள விடாதிய" என்று அழுதானாம். ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு கிடக்கிற பிள்ளை, எதையாவது உளறியிருப்பான்.

சீக்கிரம் முடித்தால் தேவலை, சாப். நாளை சனிக்கிழமை. அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?