சேத்துக்குழி வழியா ஒரு ரோடு

...மறுபடியும் ரோட்டுக்கு முளை அடிக்கிறீங்களே! நிறுத்துங்கம்மா, அந்தச் சுத்தியலக் கொஞ்சம் கீழ வைங்க. இந்தாங்க காப்பி, ஃபிளாஸ்க்குல இன்னும் சூடா இருக்கு. குடிச்சுக்கிட்டே கேளுங்க. நாலு பக்கமும் மலை கெடக்கு. கொலராடோவுல மலைக்கா பஞ்சம்? உங்க ரோட்டுக்கு இந்த ஆஸ்பென் தோப்புதான் கெடச்சுதா?

இல்லல்ல, வாயு எடுக்குற கெணறு வேணாம்னு நான் சொல்லவே இல்ல. என் மக ஷெல்பி இந்த மலைக்கு அடியிலதான் நெலக்கரி வெட்டுறா. கீழ மீத்தேன் சேந்துச்சுன்னா ஒரு பொறி போதும். மேலேர்ந்து ஓட்ட போட்டு அத உறிஞ்சி எடுத்தாத்தான் அவ சாயங்காலம் வீட்டுக்கு வருவா. எனக்குத் தெரியாதா? போன மாசம் வாயு ஏறிடுச்சுன்னு பாதி ஷிப்டுல எல்லாரையும் மேல ஏத்திட்டாங்க. ஃபோன் வந்தப்ப என் பொண்டாட்டி டோனா உருளைக்கெழங்கு வறுத்துக்கிட்டிருந்தா. கரிய விட்டுட்டா. ஷெல்பி வந்து சேர்ற வரைக்கும் அந்தக் கரிஞ்சதையே தின்னுக்கிட்டு ஒக்காந்திருந்தோம்... அதனால தோண்டுங்க. தாராளமாத் தோண்டுங்க. தோண்டுற மிஷினு மலையேறணும்னா ரோடும் வேணும், சரி. ஆனா இங்க வேணாம்.

ஏன்னா... ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. சும்மாதான். மரம் அழகா இருக்கு. காத்து வருது.

சிரிக்காதீங்கம்மா.

எல்லாம் அந்த ரோட்டுக் கூட்டத்தால வந்த வெனை. பள்ளிக்கூடத்துல வச்சாங்களே, பஞ்சு மாதிரி டோனட்டு, தண்ணி மாதிரி காப்பி... டென்வர்லேர்ந்து ஒரு அம்மா வந்து மேஜை நெறைய வரைபடத்த விரிச்சாங்க. “எல்க் மான் கூடுற எடத்துல ஒரு செவப்புப் பொட்டு ஒட்டுங்க, ரோடு அந்தப் பக்கமே வராது”ன்னாங்க. நல்ல மனுஷி. ஊரே வரிசையில நின்னுச்சு. எனக்குப் பின்னால யாரு நின்னான்னு நெனைக்கிறீங்க? மெர்ல்! டோனாவோட தம்பி, என் அரும மச்சினன். எனக்கு என்ன தொழிலோ அவனுக்கும் அதே தொழில். வெளியூர்க்காரங்கள மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறது. அந்த டெக்சாஸ் அண்ணன் தம்பிங்க எங்கிட்டத்தான் வந்துக்கிட்டிருந்தாங்க, இப்ப அவன்கிட்டப் போறாங்க. ஏன்னு கேட்டா அவன் கூடாரத்துல ஹீட்டர் இருக்காம்! வேட்டைக்கு வந்தவனுக்கு ஹீட்டர் எதுக்குங்கறேன்?

என் தோள்மேல தாடைய வச்சுக்கிட்டு அவன் எட்டிப் பாக்குறான். நான் என் எடத்தக் காட்டுவனா? எடுத்தேன் பொட்ட, கரடி மேட்டுல ஒட்டினேன் பளிச்சுன்னு. மொட்டப் பாறைம்மா அது. மொசல்கூட ஏறாது. ஹஹ்... மெர்ல் அந்த சீசன் பூரா கரடி மேட்டுலயே ஒக்காந்திருந்தான்! டெக்சாஸ்காரங்களையும் கூட ஒக்கார வச்சு! மூக்கு ஒழுகிக்கிட்டு எறங்கி வந்தானுங்க பாருங்க...

ஆனா நீங்களுமா நம்புவீங்க? படிச்சவங்க! வேட்டைக்கு வழி காட்டுறவன் பொட்டு ஒட்டினான்னா அங்க மான் இல்லன்னுதான அர்த்தம்? எங்க ஊரு பாதிரியாருக்கே அது தெரியும். கரடி மேட்டக் காப்பாத்துறேன்னு ரோட்ட வளைச்சு வளைச்சு, நேரா என் மடியில கொண்டாந்து விட்டிருக்கீங்களே!

என்னது? இன்னைக்குள்ளன்னா மாத்தலாமா? நெசமாவா? நாளைக்குப் புல்டோசர் வந்துட்டா முடியாதா... சரி. சரி, வாங்க. இந்த மரத்துக்குப் பின்னால, மெதுவா. இந்தச் சேத்துக்குழிய மோந்து பாருங்க. ஆண் மான் மூத்திரம், வேற ஒண்ணுமில்ல. செப்டம்பர்ல கொம்பும் தானுமா வந்து இந்தச் சேத்துல பொரளும். எந்திரிச்சு ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க... டெக்சாஸ்காரன் துப்பாக்கிய மறந்துட்டு அழுதிருக்கான்மா. டோனாவுக்குக்கூட இந்த எடம் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா அவ தம்பிக்குத் தெரிஞ்ச மாதிரி. இங்க லாரி ஓடுச்சுன்னா மான் வராது. மான் வராட்டி என்னய எவன் கூப்பிடுவான்? இந்த வயசுல நான் போய் பெட்ரோல் பங்க்குல நிக்கவா?

மாத்தினா காரணம் போடணுமா? வரைபடத்துலயா? அத... தபாலாபீஸ் செவுத்துல ஒட்டுவீங்களா. எல்லாரும் பாக்கற மாதிரி. கொஞ்சம் சின்னதா ஒட்டக் கூடாதா?

சரி. ஒட்டிக்கோங்க. வேற வழி இல்ல. குடுங்க அந்தப் பேனாவ. ஓடை இங்க வருதா... தோப்பு இது... அப்ப என் எடம்—

பொறுங்க. கீழ அது என்ன புழுதி? வெள்ளப் பிக்கப்பு வண்டி. ஐயையோ, அவனேதான். மடிங்கம்மா! வரைபடத்த மடிங்க!

வாடா மெர்ல்! ...ஒண்ணுமில்லடா, அம்மாவுக்குக் காப்பி குடுத்துக்கிட்டிருக்கேன். இதுவா? மழத்தண்ணி தேங்கின குட்ட, கொசு புடுங்குது. எந்தத் தடம்? மாட்டுக் கொளம்புடா அது! எல்க்காமே எல்க்கு, போய்க் கண்ண டாக்டர்கிட்டக் காட்டு.

நீங்க ஏம்மா என்னயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? உங்க வேலயப் பாருங்க. எங்கயா? இங்கதான், குட்ட நடுவுல. இங்க என்ன வச்சிருக்கு, தாராளமாப் போடுங்க ரோட்ட. முளை கோணிக்கிட்டு நிக்குது பாருங்க... நான் புடிச்சுக்கறேன். ம், அடிங்க. அட, ஓங்கி அடிங்கம்மா!